எண்பத்தெட்டுப் படிகள்

நாற்பத்து மூன்றாவது படியில் மூச்சு முட்டியது. அவள் கட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சுவரில் தோளைச் சாய்த்து நின்றாள். கட்டு என்பது பழைய நோயாளிகளின் கோப்புகள் முப்பது, நாடா போட்டுக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டியது. ஆறு கிலோ இருக்கும். கீழே ஆஸ்பத்திரி நிலவறையில் தூக்கியபோது ஒன்றும் தெரியவில்லை. இருபதாவது படியில் கனத்தது. முப்பதில் தொடை எரிந்தது. இப்போது, இன்னும் நாற்பத்தைந்து படி பாக்கி இருக்கும்போது, வாயைத் திறந்து காற்றை விழுங்கவேண்டியிருந்தது.

எண்ணியதில் ஏதோ பிசகு என்று முதலில் நினைத்தாள். ஏழு மாதத்துக்கு முன் பள்ளி மைதானத்தை இரண்டு சுற்று ஓடி, எண்ணூறு மீட்டரில் முதலாவதாக வந்து, அதே சூட்டோடு நீளம் தாண்டப் போனவள். பள்ளியில் அவளை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, 'ரெண்டு சுத்து' என்றுதான். இந்தக் கால் அந்தக் கால்தானா என்று குனிந்து பார்த்தாள். செருப்பு மட்டும்தான் வேறு.

மேலேயிருந்து கட்டுக்காரர் இறங்கி வந்தார். ஒரு கையில் வேலை முடிந்த கட்டு, இன்னொரு கை கைப்பிடியில். பக்கவாட்டில் திரும்பி, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் ஊன்றி இறங்கினார். ஐம்பது தாண்டிய ஆள். நிலவறையிலிருந்து மூன்றாம் மாடிக்குக் கட்டு கொண்டுவருவதும், முடிந்த கட்டைத் திருப்பிக் கொண்டுபோய் அடுக்குவதும் அவர் வேலை. லிஃப்ட் ஆட்களுக்கு. கோப்புகளுக்குப் படிதான்.

“உன்னை யாரும்மா தூக்கச் சொன்னது?”

“யாரும் சொல்லல அண்ணே. என் மேஜையில வேலை முடிஞ்சுபோச்சு.”

“முடிஞ்சா சும்மா உக்காரு. அதுக்குத்தான் உலகமே தவம் கிடக்குது.”

அவர் கட்டைக் கீழே வைத்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து சிறிய சீட்டுப் புத்தகத்தை எடுத்தார். ஒவ்வொரு சீட்டிலும் அவருடைய வேலை எண் முன்கூட்டியே முத்திரை குத்தியிருந்தது. ஒன்றைக் கிழித்து அவள் கட்டின் நாடாவுக்கடியில் செருகினார். சீட்டில்லாமல் ஒரு கட்டும் மேலே போகக்கூடாது, போனால் பிரிவை நடத்தும் மேடம் சாமியாடிவிடுவார் என்றார். பிறகு அவர் கீழே போனார், அவள் மேலே போனாள்.

சும்மா உட்காருவதுதான் அவளுக்குக் கைவரவில்லை.

ஆஸ்பத்திரியின் பதிவுப் பிரிவில் நான்கு மேஜைகள். பழைய கோப்பில் இருப்பதைக் கம்ப்யூட்டரில் ஏற்றவேண்டும். பேர், வயது, என்ன நோய், எத்தனை நாள் படுக்கை, கடைசியில் எப்படி வெளியே போனார்: நடந்தா, தள்ளுவண்டியிலா, வெள்ளைத் துணி மூடிக்கொண்டா. ஒன்பதிலிருந்து ஐந்தரை வரை. அவளுடையது மூன்றாவது மேஜை. நாற்காலிக்கு ஐந்து சக்கரம், அதில் ஒன்று சுற்றாது. சாப்பாடும் அதே மேஜையில். ஒரு நாள் முழுக்க அவள் கால் செய்யும் வேலை, பஸ்ஸில் நிற்பதும் கழிப்பறைக்குப் பதினான்கு அடி போய்வருவதும்தான்.

பள்ளியில் ஓடவேண்டும் என்று அவள் ஒரு நாளும் ஆசைப்பட்டதில்லை. ஆசைப்படத் தேவையே வரவில்லை. நாலரைக்கு மணி அடிக்கும், பையை வைத்துவிட்டு ஓடவேண்டும், அவ்வளவுதான். கடைசித் தேர்வு முடிந்த அன்று ஓட்டக் காலணியைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள். அது பள்ளியின் காலணி. விளையாட்டு டீச்சர் அதைக் கவிழ்த்து மண்ணைத் தட்டிவிட்டு, உள்ளே எழுதியிருந்த எண்ணை நோட்டில் அடித்தார். “இனிமே எப்போ டீச்சர் ஓடணும்?” என்று கேட்டாள். டீச்சர் சிரித்தார். இனி உன் இஷ்டம் என்றார். அந்தச் சொல்லை வீடு வரும்வரை மென்றுகொண்டே வந்தாள். இஷ்டம் என்றால் எத்தனை மணிக்கு என்று அவளுக்கு விளங்கவில்லை.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தெருவில் ஓடிப் பார்த்தாள். மைதானத்தில் ஓடினால் ஓட்டம். தெருவில் ஓடினால் என்னவோ நடந்துவிட்டது என்று அர்த்தம். மூலை வீட்டு அத்தை துடைப்பத்தைப் போட்டுவிட்டு, யாருக்கு என்ன ஆச்சு என்று கேட்டபடி கூடவே முப்பது அடி ஓடிவந்தாள். தையல்கடைக்காரர் ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பி, “ஏறும்மா, எந்த ஆஸ்பத்திரி?” என்றார். ஒன்றுமில்லை, சும்மாதான் ஓடுகிறேன் என்று சொல்லச் சொல்ல அவர்கள் முகம் இன்னும் கலவரமானது. அவள் வீடு திரும்புவதற்குள் அவளுடைய அப்பாவுக்கு நெஞ்சுவலி என்று தெரு முழுக்கப் பரவிவிட்டது. டீ குடித்துக்கொண்டிருந்த அப்பா எழுந்து சட்டை போட்டுக்கொண்டு, தான் உயிரோடிருப்பதை ஏழு வீட்டுக்குப் போய் நேரில் காட்டிவிட்டு வந்தார். அதற்குப் பிறகு அவள் ஓடவில்லை.

அடுத்த ஞாயிறு பழைய பள்ளிக்குப் போனாள். காவலாளிக்கு அவளை நன்றாகத் தெரியும். ஆனாலும் கேட்டைத் திறக்கவில்லை. பழைய பிள்ளைகள் ஆண்டு விழாவுக்கு வரலாம் என்றார். கம்பி வழியே மைதானத்தைப் பார்த்துவிட்டு வந்தாள். சுண்ணாம்புக் கோடு புதிதாகப் போட்டிருந்தார்கள்.

நான்காம் மாதம் இடுப்பு வலிக்கத் தொடங்கியது. உட்கார்ந்தால் வலித்தது, எழுந்தால் இன்னும் வலித்தது. வேலை செய்வதே ஆஸ்பத்திரியில்தானே என்று நடைக்கூடத்தில் ஒரு டாக்டரை நிறுத்திக் கேட்டாள். இந்த வயதில் மருந்து வேண்டாம், நிறைய நடக்கவேண்டும், முடிந்தவரை படி ஏறவேண்டும் என்று சொல்லிவிட்டு அவர் லிஃப்டுக்குள் போய்விட்டார்.

வீட்டில் சொன்னபோது அம்மாவுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அம்மா ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் துணி மடிப்பவள். நாள் முழுக்க நின்ற வேலை. சாயங்காலம் வந்ததும் பிளாஸ்டிக் தொட்டியில் வெந்நீர் ஊற்றிக் காலை வைத்துக்கொண்டால்தான் அவளுக்குப் பேச்சே வரும்.

“நின்னு நின்னு எனக்கு வலி. உக்காந்து உக்காந்து உனக்கு வலியா? படுத்தே சம்பளம் வாங்கற வேலை எங்கயாவது இருந்தா சொல்லுடி, ரெண்டு பேரும் போவோம்.”

அதனால்தான் அந்தக் கட்டு.

மறுநாளும் நிலவறைக்குப் போனாள். கட்டுக்காரர் முதலில் ஒப்பவில்லை. நீ எழுதுகிற பொண்ணு, உன்னைத் தூக்கவிட்டால் என்னைத்தான் கேட்பார்கள் என்றார். அவள் நகரவில்லை.

“ஒரு நாலு கட்டு குடுங்கண்ணே.”

“கட்டு என்ன மிட்டாயா, நாலு குடு அஞ்சு குடுன்னு கேக்கறே?”

“கால் மரத்துப்போகுதுண்ணே. இருக்கா இல்லையான்னே தெரியல.”

அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். பிறகு தன் கால்சட்டையை முழங்காலுக்கு மேலே சுருட்டினார். வலது முட்டியைச் சுற்றித் துணி கட்டியிருந்தார். அதற்கு மேலும் கீழும் சதை உப்பியிருந்தது. “எனக்கு இருக்குன்னு நல்லாவே தெரியுது” என்றார். அவருடைய வேலை வருடா வருடம் கையெழுத்துப் போட்டுப் புதுப்பிக்கிற வேலை. முட்டி போய்விட்டது என்று தெரிந்தால் அடுத்த கையெழுத்து கிடையாது. அது அவர் மனைவிக்குத் தெரியும், இப்போது உனக்குத் தெரியும், மூன்றாவது ஆளுக்குப் போகக்கூடாது என்றார். நாலு கட்டு கொடுத்தார்.

முதல் வாரம் காலையில் நாலு. இரண்டாம் வாரம் மாலையில் நாலு சேர்ந்தது. மூன்றாம் வாரம் சீட்டுப் புத்தகத்தையே அவள் கையில் கொடுத்துவிட்டார். அவர் நிலவறையில் ஒரு அட்டைப்பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து, இன்னொன்றின் மேல் காலை நீட்டிக்கொண்டு, கோப்புகளைத் தேடி எடுத்துக் கட்டி வைப்பார். அவள் ஒரு கட்டை ஏற்றி இறங்குவதற்குள் அடுத்தது தயாராக இருக்கும். தன் மேஜையில் வேலை முடியும்போதெல்லாம் எழுந்து ஓடிவந்தாள். பக்கத்து மேஜைகளுக்கும் அவளே கொண்டுபோய் வைத்தாள். ஒவ்வொரு கட்டிலும் ஒரு சீட்டு. சீட்டில் யாருடைய எண் இருக்கிறது என்பதை இரண்டு பேருமே யோசிக்கவில்லை. அது சீட்டுப் புத்தகம், அதில் அந்த எண்தான் இருக்கும், அவ்வளவுதான்.

இடுப்பு வலி எப்போது போனது என்று கவனிக்கவில்லை. ஒரு நாள் பார்த்தால் இல்லை. ராத்திரி படுத்தால் தூக்கம் வந்தது. எண்பத்தெட்டுப் படியையும் கட்டோடு ஐம்பத்தொரு விநாடியில் ஏறினாள். கீழே இருந்த சுவர்க் கடிகாரத்தை ஒருமுறை, மேலே இருந்ததை ஒருமுறை பார்த்துக் கணித்தது. ஜன்னல் ஓரத்து மேஜையில் இருந்த அக்காவுக்கு மட்டும் இது பிடிக்கவில்லை. முன்பு ஒரு கட்டுக்கும் அடுத்த கட்டுக்கும் நடுவே பத்து நிமிடம் வெளியே பார்க்கக் கிடைக்கும். இப்போது அது போய்விட்டது.

“உனக்குக் கால் அரிச்சா உங்க வீட்டு மாடியில ஏறும்மா. எங்க உயிரை ஏன் வாங்கறே?”

எங்கள் வீட்டில் மாடி இல்லை அக்கா என்றாள் இவள். கிண்டலுக்குச் சொன்னது என்று அக்கா நினைத்துக்கொண்டாள். உண்மையாகவே இல்லை.

மேடத்தின் மேஜையில் ஒரு இரும்பு ஆணி நிமிர்ந்து நிற்கும். வந்த கட்டின் சீட்டையெல்லாம் அதில் குத்தி வைப்பார்கள். சனிக்கிழமை தோறும் மேடம் அவற்றை உருவி எண்ணுவார். நான்காவது சனிக்கிழமை எண்ணி முடித்துவிட்டு எல்லோரையும் அறைக்குக் கூப்பிட்டார். இருபது கட்டு வந்த இடத்தில் நாளுக்கு முப்பத்தொன்று வந்திருக்கிறது, இந்த வயதில் இப்படி உழைக்கிறவரைப் பார்த்து மற்றவர்கள் கற்றுக்கொள்ளவேண்டும் என்றார். ஆஸ்பத்திரியின் முத்திரை போட்ட பாராட்டுக் கடிதம் ஒன்றைக் கட்டுக்காரர் கையில் கொடுத்தார். கட்டுக்காரர் திருதிருவென்று விழித்தார். பிறகு இவளைப் பார்த்தார். எல்லோரும் கை தட்டினார்கள், இவளும் தட்டினாள்.

திங்கட்கிழமை அவர் அட்டைப்பெட்டியில் உட்கார்ந்துகொண்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். கடிதத்தை அவருடைய மனைவி பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கண்ணாடிக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டாளாம்.

“நான் தூக்கலன்னு சொல்ல வாய் வரல பாப்பா. அவ அப்படிச் சிரிச்சு ரொம்ப நாளாச்சு.”

அவளுக்கு அதில் வருத்தமில்லை. கடிதம் அவருக்கு, படி தனக்கு என்று நினைத்தாள். அது சரியான பங்கு என்றே பட்டது, வியாழக்கிழமை வரை.

வியாழக்கிழமை நிலவறைக்கு இறங்கியபோது அவர் நின்றுகொண்டிருந்தார். கட்டு எதுவும் கட்டவில்லை. கையில் ஒரு தாள். புதுக் கட்டிடத்துக்கும் இனி இவரே கட்டு கொண்டுபோகவேண்டும் என்று போட்டிருந்தது. திங்கட்கிழமை முதல். புதுக் கட்டிடம் ஏழு மாடி.

“நீ ஓடின ஓட்டத்துக்கு இப்ப என்னை ஓடச் சொல்றாங்க” என்றார்.

அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தாளை மடித்து மடித்துச் சின்னதாக்கிக்கொண்டிருந்தார். அங்கேயும் தானே வந்து தூக்குகிறேன் என்றாள் அவள். உன் நாற்காலி இங்கே இருக்கிறது, உன்னை ஏழாவது மாடிக்கு என்ன சொல்லி அனுப்புவார்கள் என்று கேட்டார். முடியாது என்று சொன்னால் ஏன் முடியாது என்பார்கள், முட்டியைக் காட்டவேண்டிவரும். முடியும் என்று சொன்னால் முட்டி தானாகவே காட்டிக்கொடுத்துவிடும்.

“மேடம்கிட்ட நான் போய்ச் சொல்றேண்ணே.”

“என்னன்னு சொல்லுவே?”

அவள் தரையில் கிடந்த நாடாவை எடுத்துச் சுற்றத் தொடங்கினாள்.

“உன் பேர்ல என்ன வேணா சொல்லிக்கோ. என் முட்டி பேச்சு மட்டும் வரக்கூடாது” என்றார்.

அன்று மேஜையில் அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நடந்து போனவர் ஒருவரை மூடிக்கொண்டு போனதாக ஏற்றிவிட்டுப் பிறகு திருத்தினாள். இன்னும் பதினைந்து நாளில் அவளுக்கு ஆறு மாதம் முடிகிறது. ஆறு மாதம் முடிந்தால் வேலை நிரந்தரம். இன்னொருவர் எண் போட்ட சீட்டில் ஐந்து வாரம் கட்டு தூக்கியிருக்கிறாள். அது திருட்டா என்று யோசித்தாள். எதைத் திருடினாள்? அவர் வேலையையா? அவர் வலியைத்தானே எடுத்துக்கொண்டாள். ஆனால் அவள் எடுத்துக்கொண்டது வலியை என்றால், தினமும் அவ்வளவு சந்தோஷமாக ஏன் ஏறினாள்? கண்ணைக் கட்டிவிட்டது போலிருந்தது.

சாயங்காலம் வீட்டில் எல்லாவற்றையும் சொன்னாள். அம்மா தொட்டியிலிருந்து காலை எடுத்துவிட்டாள். கட்டுக்காரரைப் பற்றியோ முட்டியைப் பற்றியோ அவள் கேட்கவில்லை.

“கட்டு தூக்கினியா? நிழல்ல உக்காந்து பாக்கற வேலைன்னு தெரு பூரா சொல்லி வச்சிருக்கேன்டி.”

அப்பா சரக்கு வேன் ஓட்டுபவர். அவருக்கும் உட்கார்ந்த வேலைதான். ஆனால் அதை உட்கார்ந்த வேலை என்று வீட்டில் யாரும் சொன்னதில்லை. அவர் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, அந்த ஆள் படி இறங்கும்போது எந்தக் காலை முதலில் வைப்பார் என்று கேட்டார். அவள் கண்ணை மூடிப் பார்த்தாள். வலது காலை என்றாள்.

“ஏறும்போது?”

“இடது. அப்புறம் வலதை இழுத்துக்குவார்.”

“அப்ப ஏழு மாடி ஏற மாட்டார்” என்றார் அப்பா. “என் கிளட்ச் காலும் அப்படித்தான் ஆரம்பிச்சுது.”

அப்பாவுக்குக் கால் வலி என்பது அவளுக்கு அன்றுதான் தெரியும். அம்மாவும் திரும்பிப் பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு மேடத்தின் அறைக்குப் போனாள். மேடம் முதுகுக்கு ஒரு தலையணை, உட்காருவதற்கு ஒரு தலையணை என்று இருந்தார். ஆணியில் அன்றைய சீட்டுகள் ஏழு.

“மேடம், அந்த முப்பத்தொரு கட்டும் நான் தூக்கினது.”

“எந்த முப்பத்தொண்ணு?”

“எல்லாம். அஞ்சு வாரமா.”

மேடம் பேனாவை மூடினார். கட்டுக்காரர் எங்கே போனார் என்று கேட்டார். கீழேதான் இருந்தார், எடுத்துக் கட்டிக் கொடுத்தார் என்றாள்.

“உன்னைத் தூக்கச் சொன்னாரா?”

“இல்ல மேடம். நான்தான் கெஞ்சிக் கேட்டேன்.”

“கட்டு தூக்கறதுக்கு.”

“ஆமா மேடம்.”

மேடம் கதவைச் சாத்திவிட்டு வரச் சொன்னார். வந்து உட்காரச் சொன்னார். உட்கார்ந்தாள். வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று கேட்டார். இல்லை. பக்கத்து மேஜைகளில் யாராவது தொல்லை கொடுக்கிறார்களா? இல்லை. வேலை பிடிக்கவில்லையா? பிடிக்கவில்லை என்றும் சொல்லமுடியவில்லை, பிடித்திருக்கிறது என்றும் சொல்லமுடியவில்லை. பள்ளியில் ஓடியது, மணி, காலணி, தெரு, மூலை வீட்டு அத்தை எல்லாவற்றையும் சொல்லிப் பார்த்தாள். சொல்லும்போது அவளுக்கே அது ஒன்றோடொன்று சேரவில்லை.

“உக்காந்தா கால் இருக்கிற மாதிரியே தெரியல மேடம்.”

“எனக்கு இருபத்தாறு வருஷமா தெரியல” என்றார் மேடம். “நான் யார் கட்டையாவது தூக்கினேனா?”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

“சரி. நீ கேட்டே. அவர் ஏன் விட்டார்?”

இந்தக் கேள்வி வரும் என்று ராத்திரியே தெரியும். வெளியே படிக்கட்டில் கட்டுக்காரர் ஏறி வரும் சத்தம் கேட்டது. ஒரு அடி, ஒரு இழுப்பு. ஒரு அடி, ஒரு இழுப்பு. மேடமும் கதவுப் பக்கம் பார்த்தார்.

“தொல்லை தாங்காம விட்டார் மேடம்” என்றாள்.

சத்தம் மாடிக்கு வந்து, கட்டை மேஜையில் போடும் ஒலியோடு நின்றது. மேடம் ஆணியிலிருந்த ஏழு சீட்டையும் விரலால் ஒருமுறை கீழே அழுத்திவிட்டார்.

பிறகு வரிசையாகச் சொன்னார். புதுக் கட்டிடத்துக்கு வேறு ஆள் பார்க்கப்படும். இங்கே பழையபடி இருபது கட்டு, தூக்குகிறவர் சீட்டில் தன் கையால் கையெழுத்துப் போடவேண்டும். பாராட்டுக் கடிதம் நாளைக் காலை திரும்ப வரவேண்டும். பொய்யான சீட்டு என்று மேலே எழுதினால் இரண்டு பேருக்கும் வேலை இருக்காது, அதனால் எழுதப்போவதில்லை. ஆனால் அவளுக்கு நிரந்தரம் மூன்று மாதம் தள்ளிப்போகும். நாற்காலியை விட்டு எழுந்தால் தண்ணீர் குடிக்க, இல்லாவிட்டால் வீட்டுக்குப் போக.

“சாப்பாட்டு நேரத்துல மேடம்?”

“அது உன் நேரம்.”

“படியில ஏறி இறங்கலாமா?”

“வெறுங்கையோடயா?”

“ஆமா.”

“எதுக்கு?”

அவள் குனிந்து தன் காலைப் பார்த்தாள். மேடம் பேனாவைத் திறந்துகொண்டு, போ, யார் வேண்டாம் என்றது என்றார்.

கட்டுக்காரர் குடிநீர்க் குழாய்ப் பக்கம் நின்றுகொண்டிருந்தார். ஏழு மாடி இல்லை என்று அவள் சொன்னபோது சரி என்றார். முட்டி பேச்சு வரவில்லை என்றபோதும் சரி என்றார். அவர் முகம் தெளியவில்லை.

“கடுதாசியைக் கேட்டாங்களா?”

“நாளைக்குக் குடுக்கணுமாம்.”

“உறை போட்டு மாட்டியிருக்காளே” என்றார். அவளைக் கேட்டது போலவும் இல்லை, குற்றம் சொன்னது போலவும் இல்லை. “என்னன்னு சொல்லிக் கழட்டறது?”

தான் அவருக்கு நல்லது செய்தோமா கெட்டது செய்தோமா என்று அவளுக்குத் தெரியவில்லை. மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயெடுத்தாள். எதற்கு என்று கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்து நின்றாள். அதற்குள் அவர் முடிந்த கட்டைத் தூக்கிக்கொண்டு வலது காலை முதலில் வைத்து இறங்கிவிட்டார்.

மறுநாள் சனிக்கிழமை. ஏழு நாற்பது பஸ்ஸில் வந்து ஒன்பதுக்கு மேஜையில் உட்கார்ந்தாள். கட்டுக்காரர் கடிதத்தைப் பிளாஸ்டிக் உறையோடு கொண்டுவந்தார். மேடம் கடிதத்தை உருவி இழுப்பறையில் போட்டுவிட்டு உறையைத் திருப்பிக் கொடுத்தார். அவர் அதை நாலாக மடித்துச் சீட்டுப் புத்தகம் இருந்த பையில் வைத்துக்கொண்டார். மதியம் ஒரு மணிக்குள் பதினொரு கட்டு வந்தது. இரண்டு முறை அவள் மேஜை காலியாக இருந்தது. கையை மடியில் வைத்துக்கொண்டாள். ஜன்னலோரத்து அக்கா வெளியே பார்த்தாள்.

எட்டு நிமிடத்தில் சாப்பிட்டுவிட்டுப் படியில் இறங்கினாள். நிலவறை வாசலில் கட்டுக்காரர் பன்னிரண்டாவது கட்டோடு வந்தார். அவள் திரும்பி, வெறுங்கையோடு அவர் பின்னால் ஏறினாள். முதல் மாடித் திருப்பத்தில் அவர் நின்றார். அவளும் நின்றாள்.

“கையை வீசிட்டு நீ பின்னாடி வந்தா எனக்கு ரெண்டு கட்டு தூக்கற மாதிரி இருக்கு. முன்னாடி போ.”

அவள் முன்னால் போனாள். மேலே போய் இறங்கி வந்தாள். அவர் அதே மாடியிலிருந்து கொஞ்சம் மேலே வந்திருந்தார். மறுபடி ஏறினாள். அப்படி நாலு முறை. இரண்டு மணிக்கு உட்கார்ந்தாள்.

ஐந்தரைக்கு ஆணியில் இருபது சீட்டு இருந்தது, இருபதிலும் கையெழுத்து. மேடம் எண்ணினார். யாரையும் கூப்பிடவில்லை. பஸ்ஸில் ஒரு பெண் நகர்ந்து இடம் காட்டினாள். பரவாயில்லை என்று இவள் நின்றுகொண்டு வந்தாள். வீட்டில் அம்மா தொட்டியில் காலை வைத்திருந்தாள். அப்பா தன் இடது காலைத் தடவிக்கொண்டிருந்தார். வெந்நீர் மிச்சம் இருக்கிறது, உனக்கு வேண்டுமா என்று அம்மா கேட்டாள். வேண்டாம் என்றாள். பிறகு வேண்டும் என்றாள்.